சைவக்காரர் சுட்ட எல்க்

ஒரு மான் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தது என்று அதைக் கொன்றவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டிய தொழில் எங்களுடையது. அவர் சொல்வது ஒருபோதும் உண்மையாக இருக்காது.

துபாய் அல் கூஸில், டயர் கடைக்கும் சோபா தைக்கும் கடைக்கும் நடுவில் எங்கள் ஒர்க்ஷாப். ஸ்பெயின், நியூசிலாந்து என்று போய் வில்லாலோ துப்பாக்கியாலோ மானை வீழ்த்துகிறவர்கள், அதன் தோலையும் கொம்பையும் பெட்டியில் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் ஃபோம் பொம்மைக்குத் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் வைத்து, கொம்பைப் பொருத்தி, சுவரில் மாட்டுகிற மாதிரி தலையும் கழுத்தும் தோளுமாகக் கொடுப்போம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த என்னை, 'துபாயில் தோல் வேலை' என்று சொல்லி ஏஜென்ட் அனுப்பிவைத்தான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. தோலோடு முகமும் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

டெய்லர், பல் டாக்டர், கல்யாண வீட்டு போட்டோகிராபர் என்று வாடிக்கையாளரின் கற்பனைக்கு உருவம் கொடுத்து நொந்துபோனவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

கோபமாக வேண்டும்

ஒரு இளைஞர் மான் தலையைக் கொடுத்துவிட்டு, வாயைப் பிளந்து பல்லைக் காட்டுகிற மாதிரி செய்யச் சொன்னார். அது தன்மேல் பாய்ந்ததாம், கடைசி விநாடியில் சுட்டாராம். எங்கள் ஒர்க்ஷாப்பில் கண் வைக்கிற நிபுணர் பெஷாவர்க்காரர் குல்சார் பாய். அவர் தோலைத் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, குண்டு பின்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது என்றார். பாய்ந்த மான் எதிர்த்திசையில் பாய்ந்திருக்கும் போல.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மானுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. வாயைத் திறந்து வைத்தால் செட்டுப்பல்லைக் கழற்றி வைத்தவர் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் பயப்பட மாட்டார்கள், பரிதாபப்படுவார்கள் என்றேன். இளைஞர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்:

"பல் இல்லேன்னா என்ன? வேற எதுலேர்ந்தாவது எடுத்து வைங்க. சிங்கம் ஸ்டாக் இருக்கா?"

லிஃப்டில் தகராறு

முடிந்த தலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை. ஒரு முறை நானும் குல்சார் பாயும் பெரிய கொம்பு வைத்த ஒரு மான் தலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கடற்கரைப் பக்கத்து உயரமான கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்குக் காத்திருந்தோம். லிஃப்ட் திறந்தது. உள்ளே ஒரு அம்மாவும் அவர் நாய்க்குட்டியும். எங்கள் மானைப் பார்த்ததும் நாய் அந்த அம்மாவின் தோளுக்கு ஏறிவிட்டது, அந்த அம்மா லிஃப்டின் மூலைக்குப் போய்விட்டார்.

கூச்சல் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். பங்களாதேஷ்காரர், சட்டம் தெரிந்தவர். அந்த அம்மாவின் நாய்க்குட்டியைக் கண்டுகொள்ளாமல், இந்தக் கட்டடத்தில் பிராணி வளர்க்க அனுமதி இல்லை என்றார். இது செத்துப்போனது பாய் என்றார் குல்சார். அதற்கு வாட்ச்மேன் எங்கள் இருவரையும் மானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற அரபு 'மாஃபி'யைப் போட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"உயிரோட இருந்தா பெட்ஸ் மாஃபி. செத்திருந்தா போலீஸ் பேப்பர் கொண்டா. ரெண்டும் இல்லேன்னா படியில தூக்கிட்டுப் போ."

அவசரமே இல்லாதவர்

எங்களிடம் வருகிற எல்லோருக்கும் அவசரம். நோன்புப் பெருநாளைக்குள் வேண்டும், கல்யாணத்துக்குள் வேண்டும், எதிர்வீட்டுக்காரன் வாங்குவதற்குள் வேண்டும். மெதுவாகச் செய்யுங்கள் என்று கேட்டு வந்த ஒரே மனிதர் நெல்லையப்பன் சார்தான்.

திருநெல்வேலிக்காரர். ஜெபல் அலியில் ஒரு கம்பெனியில் கணக்கு மேனேஜர். கராமாவில் குடும்பத்தோடு குடியிருக்கிறார். முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத் தள்ளிவைக்கிற சுத்த சைவம். அவருடைய முதலாளி, அவர் வாய்க்கு 'அர்பாப்', வேட்டைப் பிரியர். நியூசிலாந்துக்குப் போகும்போது மேனேஜர் என்ற முறையில் இவரையும் கூட்டிப் போயிருக்கிறார். மலையில் அர்பாப் கையில் வில். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொண்டுபோன துப்பாக்கியைச் சும்மா பிடித்துக்கொள்ளச் சொல்லி இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். புதரிலிருந்து எல்க் வெளியே வந்தது. எல்க் என்றால் நம் கடமானுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள், குதிரை உயரம், தலையில் ஒரு மரம். அர்பாப் அம்பை விட்டார். அதே நொடியில் சார் பயந்துபோய்க் கண்ணை இறுக்கி மூடினார், கையில் இருந்தது வெடித்துவிட்டது. கண்ணைத் திறந்தால் எல்க் கொஞ்ச தூரம் ஓடி விழுந்து கிடக்கிறது.

அர்பாப்பின் அம்பைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. தன் குறி தப்பிவிட்டது, தன் கணக்குப்பிள்ளை போட்டுத் தள்ளிவிட்டார் என்று முடிவுகட்டிய அர்பாப், இவரைக் கட்டிப்பிடித்து, தலை உனக்குத்தான் என்று பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டார். செய்கூலியும் அவருடையது. இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்துவிட்டு நெல்லையப்பன் சார் மெல்லச் சொன்னார்:

"தம்பி, அவசரமே இல்ல. ஆற அமரச் செய்யுங்க. அடுத்த வருசம்னாலும் சரிதான், அதுக்கு அடுத்த வருசம்னாலும் சரிதான்."

ஒரு சுவர், இரண்டு ராஜினாமா

ஏன் இந்த இழுபறி என்று பிறகுதான் புரிந்தது. அவர் கம்பெனியின் இரண்டு ஆபீஸை ஒன்றாக்கப் போகிறார்கள். இரண்டு கணக்கு மேனேஜரில் ஒருவர்தான் மிஞ்சுவார். நியூசிலாந்துக்குப் பிறகு அர்பாப் போகிற இடமெல்லாம் இவரை 'என் சிங்கம்' என்று அறிமுகப்படுத்துகிறார். போதாக்குறைக்கு, தலை தயாரானதும் கராமா வீட்டுக்கு வந்து, அதன் கீழே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடப் போவதாகவும் சொல்லிவிட்டார். ஆக, சுவரில் தலை இருந்தால்தான் ஆபீஸில் நாற்காலி இருக்கும்.

வீட்டிலோ கோமதி அக்கா, அதாவது சாரின் மனைவி, அந்த நாளிலிருந்து அவரைப் பூஜை அலமாரிப் பக்கமே விடுவதில்லை. விளக்கேற்றும்போது சார் பால்கனியில் நிற்க வேண்டும், அந்த வெயிலிலும். ஒரு ஜீவனைக் கொன்றுவிட்டோமே என்று அவருக்குமே இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தலையைப் பற்றி அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்:

"'அது வாசல்வழியா உள்ள வந்தா, நானும் பிள்ளையும் அதே வாசல்வழியா ஏர்போர்ட்டுக்குப் போயிருவோம். நீங்களும் அதுவும் குடும்பம் நடத்துங்க'ங்கா."

குண்டு மாஃபி

பெட்டி வந்தது. பதப்படுத்திய தோலை மேஜைமேல் விரித்தேன். எங்கள் தொழில் தர்மம் ஒன்று உண்டு: பொம்மைக்குப் போர்த்துவதற்கு முன்னால், உயிர் போன ஓட்டையைத் தேடிப் பிடித்து, உள்பக்கத்திலிருந்து தைத்து, ரோமத்தை மேலே சீவிவிட வேண்டும். சுவரில் மாட்டிய பிறகு அந்த மான் ஏதோ முதுமையால் காலமானது போலத் தெரிய வேண்டும்.

இந்தத் தோலில் குண்டு ஓட்டையைத் தேடினேன், காணவில்லை. கழுத்தில் இல்லை, நெஞ்சில் இல்லை. முன்னங்காலுக்குப் பின்னால், தோலை அறுத்தெடுத்த ஓரத்தை ஒட்டி ஒரு கீறல் இருந்தது. பிளேடால் மூன்று பக்கம் இழுத்த மாதிரி சுத்தமான வெட்டு, வேட்டை அம்பின் மூன்று அலகு முனை போடுகிற வெட்டு. மறுபக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் அதே வெட்டு. அம்பு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டிருக்கிறது, அதனால்தான் தேடியும் கிடைக்கவில்லை. தோலுரித்த வழிகாட்டிக்கும் தெரிந்திருக்கும். விருந்தாளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? குல்சார் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பாபு பாய், குண்டு மாஃபி. உங்க சார் ஆகாயத்தைத்தான் சுட்டிருக்கார்."

கரப்பான்பூச்சி

உடனே போன் போட்டேன். சார் கோமதி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெட்டைக் காட்டி விளக்கினேன். சார் அந்தத் தோலைத் தொட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் கொல்லல தம்பி, நான் கொல்லல என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குல்சார் பாய் எல்லோருக்கும் டீ போடப் போய்விட்டார்.

டீ வருவதற்குள் சாருக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. கொல்லவில்லை என்று சொன்னால் சிங்கப் பட்டம் போகும், கூடவே வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் பாவம் செய்யாமலே பாவத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு வாழ வேண்டும், அதுவும் மனைவி இல்லாத வீட்டில். இவர் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்க, கோமதி அக்கா சாவகாசமாக டீயை ஆற்றிக் குடித்தார்:

"எனக்கு அப்பவே சந்தேகந்தான் தம்பி. வீட்டுல கரப்பான்பூச்சி வந்தா நாற்காலி மேல ஏறி நின்னு என்னையக் கூப்பிடுத ஆளு, இவுகளாவது எல்க்கச் சுடுததாவது!"

தைக்கவா, வேண்டாமா

அதன்பிறகு என் போனுக்கு ஓய்வில்லை. காலையில் ஆபீஸ் பஸ்ஸில் இருந்து வாய்ஸ் மெசேஜ்: தைச்சிருங்க தம்பி, தடயமே தெரியக் கூடாது. சாயந்திரம் வீட்டிலிருந்து வேறு குரலில்: தைக்காதீங்க தம்பி. பின்னணியில் கோமதி அக்கா இருமுவது கேட்கும். நான் ஊசியில் நூலைக் கோப்பதும் உருவுவதுமாக இருந்தேன்.

அப்படிக் கோத்த ஊசியோடு நான் நின்ற ஒரு நேரத்தில் ஒர்க்ஷாப் வாசலில் பெரிய வண்டி வந்து நின்றது. அர்பாப். பின்னால் நெல்லையப்பன் சார். என் சிங்கத்தின் வேட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டே அர்பாப் மேஜைக்கு வந்தார். நான் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து வெட்டின் மேல் போட்டேன். இவருக்கு வேலை போனால் அதற்கு நானும் காரணம் ஆகிவிடுவேனே என்று பயமாக இருந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை, நெல்லையப்பன் சாரே வந்து துண்டை எடுத்தார். "அர்பாப், இது உங்க அம்பு. என் குண்டு எங்க போச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அர்பாப் வெட்டில் விரலை வைத்துப் பார்த்தார், மறுபக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கூரை அதிரச் சிரித்தாரே பார்க்கலாம். இத்தனை மாதமாக அவருடைய நண்பர்கள், இலைதழை தின்கிற கணக்குப்பிள்ளையிடம் தோற்றவன் என்று அவரைக் கிண்டல் செய்து உயிரை எடுத்திருக்கிறார்கள். நான் தப்பவிடவில்லை, வல்லாஹி, இறைவன்மேல் ஆணை, நான் தப்பவிடவில்லை என்று ஒவ்வொரு நண்பருக்கும் அங்கேயே வாய்ஸ் மெசேஜ் போட்டார். வெட்டைத் தைக்கவே கூடாது, எல்லோரும் பார்க்கிற மாதிரி விடு என்று எனக்கு உத்தரவு. தலை விருந்தாளிகளை உட்காரவைக்கிற அவருடைய மஜ்லிஸுக்குப் போகிறது என்றார். பிறகு சாரைப் பார்த்து, தனக்கு நஷ்டமான உண்மையைச் சொல்கிறவன் என் கணக்கைப் பார்க்கட்டும், இரண்டு ஆபீஸும் உனக்கே என்றார். அர்பாப் அவர் தோளில் ஓங்கித் தட்டினார்:

"ஆனால் உன் எல்க் இன்னும் அந்த மலையில்தான் மேய்கிறது. கவலைப்படாதே, அடுத்த சீசனில் போய் எடுத்து வருவோம். யல்லா!"

பயிற்சி

போன வெள்ளிக்கிழமை நெல்லையப்பன் சார் கராமாவிலிருந்து அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். விளக்கேற்றும்போது இப்போது வீட்டுக்குள்ளேயே நிற்கிறாராம். சுவரில் எல்க்குக்காக அடித்த கொக்கியில் அக்கா காலண்டரை மாட்டிவிட்டார். ஆள் சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்ன சார் என்றேன். துப்பாக்கி கிளப்பில் சேர்ந்திருக்கிறாராம், சுடும்போது துப்பாக்கிக் கட்டை தோளில் இடிக்கிறதாம். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஃபீஸ் கட்டியதே அவள்தான் என்றார்.

"இன்னா சார் இது, சுடக் கத்துக்கிறீங்களா?" என்றேன். சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"போன தடவ ஏதோ கடவுள் புண்ணியத்துல தப்பிச்சேன் தம்பி. மறுபடி கண்ண மூடிட்டுச் சுட்டா பட்டுத் தொலைச்சிருமோன்னு பயமா இருக்கு. கண்ணத் தொறந்து, நல்லாக் குறி பாத்துத் தப்பவிடணும்லா, அதுக்குத்தான் கிளாஸ்."

குறி வைத்துக் கொன்றவர்கள் போட்ட ஓட்டைகளைத் தைத்தே என் கண் பாதி போய்விட்டது, குறி வைத்துத் தப்பவிடப் படிக்கிற இந்த ஒரு மனிதர் பாஸானால் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு ஒரு தலை நஷ்டம் என்று தெரிந்தும், அவருக்காக நானும் குல்சார் பாயும் ஆளுக்கொரு சாமியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.