வாடகையில்லாத ஒரு ராத்திரி

எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. இதை ஒரு நல்ல குணம் என்றுதான் ஐம்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டி, கப்பல் சரக்கை வெளியே எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னருக்கு முதல் சில நாட்கள் வாடகை கிடையாது. அதை ஃப்ரீ டேஸ் என்போம். அது முடிந்த மறுநாளே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். வந்த அன்றைக்கே அடித்துப் பிடித்துப் பெட்டியை வெளியே எடுக்கிறவனை எங்கள் தொழிலில் விவரம் இல்லாதவன் என்று சொல்வார்கள். அத்தனை நாளும் துறைமுகத்தையே குடோனாக வைத்துக்கொண்டு, கடைசி ஃப்ரீ நாளில் கேட் அடைக்கப் போகிற நேரத்தில் பெட்டியை வெளியே கொண்டுவருகிறவன்தான் கெட்டிக்காரன். நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

இந்தப் புத்தியோடு இருந்த என்னிடம் ஒரு பேங்க்காரப் பையன் வந்து, ஹோட்டல் கம்பெனி ஒன்றின் பெயர் போட்ட கிரெடிட் கார்டை நீட்டினான். வருஷச் சந்தா கட்டினால் அந்தக் கம்பெனியின் எந்த ஹோட்டலிலும் ஒரு ராத்திரி இலவசம். ஒரு வருஷத்துக்குள் தங்க வேண்டும், தவறினால் போயிற்று. யாருக்கும் விற்க முடியாது. கார்டுக்காரன் நேரில் போய் நின்றால்தான் சாவி கொடுப்பார்கள்.

ஹோட்டல் அறைக்கு நிலையான விலை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை ஒரு விலை, கல்யாண சீசனில் வேறு விலை. ஆனால் இலவச ராத்திரி என்னவோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அப்படியென்றால் அதன் மதிப்பு நான் எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதில் இருக்கிறது. இந்த யோசனை என் தலைக்கு ஏறிவிட்டது. டீ நேரத்தில் ஆபீசில் மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள். நான் எந்தெந்த ஊரில் அறை வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பார் என்று என் மனைவி சிரிப்பாள். குடிப்பேன், ஆனால் விலை ஏறுகிற அன்றைக்குத்தான் குடிப்பேன் என்பேன் நான்.

முதல் வருஷத்து ராத்திரியைச் சென்னையில் நடந்த ஒரு கல்யாணத்துக்காக எடுத்து வைத்தேன். மனைவியின் அக்கா அங்கேதான் குடியிருக்கிறார். நாங்கள் ஹோட்டலில் தங்கப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் அவர் போனை வைத்துவிட்டார். கூடப்பிறந்தவள் வீடு இருக்கிற ஊரில் காசு கொடுத்துத் தங்குவது எங்கள் பக்கத்தில் உறவை அறுத்துக்கொள்வதற்குச் சமம். காசு கொடுக்கவில்லை, ஓசிதான் என்று சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் கேவலமாகப் போயிற்று. கடைசியில் அறையை ரத்து செய்துவிட்டு, அக்கா வீட்டு ஹாலில் ஒரே ஃபேனுக்குக் கீழே ஏழு பேர் படுத்துக்கிடந்தோம். அதற்குப் பிறகு நல்ல நாளாகத் தேடிக்கொண்டிருந்ததில் வருஷம் முடிந்துவிட்டது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று ஆனது.

அடுத்த சந்தா கட்டிய சமயத்தில் அப்பா எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதற்குச் சில மாதம் முன்னால் ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் வராமல் போய்விட்டது. பேச்சு மட்டும் கொஞ்ச நாளில் தேறி வந்தது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்தோம். ராத்திரிக்கு யாரும் இல்லை. ராத்திரியில் அப்பாவுக்கு மூன்று, நான்கு தடவை சிறுநீர் போகவேண்டி வரும். கேனைப் பிடிக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

நியாயமாக நான்தான் எழுந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் சில நாள் எழுந்தேன். தூக்கத்தில் எழுப்பினால் நான் மனுஷனாக இருக்கமாட்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு என்று அப்பாவிடம் கத்திவிட்டேன். மறுநாள் ராத்திரியிலிருந்து அவர் மருமகளை மட்டுமே கூப்பிட ஆரம்பித்தார். "ஏளா" என்று மெல்ல ஒரு குரல். அவளும் பாதித் தூக்கத்திலேயே எழுந்து போவாள். அப்பாவுக்கு அவள் கைதான் பழக்கம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் அப்படியே தலைசாய்ந்து தூங்கிவிட்டாள். சிவப்புப் பேனா யாரோ ஒரு பிள்ளையின் பேப்பரில் குறுக்கே நீளமாகக் கோடு இழுத்திருந்தது. எழுந்ததும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அந்த ஃப்ரீ ராத்திரி இருக்குல்லா, அத எனக்குத் தாங்க," என்றாள். "எங்கயாவது போயி ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும்."

தாராளமாக என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அன்றைக்கே போனை எடுத்து வாடகை பார்த்தேன். எல்லா ஊரிலும் விலை இறங்கிக் கிடந்தது. இப்போது போனால் பாதி மதிப்புகூட வராது, டிசம்பர் வரட்டும் என்றேன். டிசம்பரில் அப்பாவுக்கு நெஞ்சுச்சளி வந்தது. பொங்கல் லீவில் போகலாம் என்றேன். லீவில் விலை ஏறியது, ஆனால் இன்னும் ஏறும் என்று எனக்குத் தோன்றியது. நடுவில் ஒரு தடவை, என்னாச்சு என்று கேட்டாள். பாத்துக்கிட்டே இருக்கேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அந்தக் கம்பெனி எங்கள் ஊரிலேயே, உப்பு லாரிகள் திரும்புகிற பைபாஸ் பக்கத்தில், ஒரு ஹோட்டல் திறந்தது. அவர்களுடைய பட்டியலிலேயே வாடகை குறைவான ஹோட்டல் அதுதான். அங்கே போய் என் ராத்திரியைச் செலவழிப்பது தங்கக் காசைக் கொடுத்துத் தட்டை முறுக்கு வாங்குகிற மாதிரி என்று நினைத்தேன். அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை.

ஆறு நாள்தான் இருக்கிறது என்று கார்டு கம்பெனியிடமிருந்து மெயில் வந்தபோதுதான் நான் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, வீட்டில் அப்பா, வெளியூர் போக வழியில்லை. வேறு போக்கிடம் இல்லாமல், பைபாஸ் ஹோட்டலிலேயே கடைசி நாளான சனிக்கிழமைக்குப் போட்டேன். பகலில் வருகிற அம்மாளை ராத்திரியும் இருக்கச் சொல்லிவிட்டு, நாம் ரெண்டு பேரும் போகிறோம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

 பகலில் எப்படியோ பொறுத்துக்கொள்கிறார், ராத்திரியில் அந்த அம்மாளை மாமா பக்கத்தில் விடமாட்டார், கூச்சப்படுவார் என்றாள் அவள். பிறகு, "நீங்க மாமாகூட இருங்க. நான் தனியாப் போறேன்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால், நீ வரவேண்டாம் என்கிறாளே. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். ஒரு மாற்றுச் சேலையை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பையிலேயே வைத்திருந்தாள். கவுண்டரில் இருந்த இளைஞன் எங்கள் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளூர் அட்ரஸ் இருக்கிறவர்களுக்கு ரூம் கொடுப்பதில்லை என்றான். இப்படி ஒரு வழக்கம் பல ஹோட்டல்களில் உண்டு என்பது எனக்குத் தெரியும். உள்ளூர்க்காரன் வீட்டை விட்டுவிட்டு ரூம் எடுத்தால் அதில் ஏதோ விவகாரம் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்த உள்ளூர்க்காரன் நானாக இருப்பேன் என்று நினைத்துப் பார்த்ததில்லை. கார்டைக் காட்டினேன், மெயிலைக் காட்டினேன், தங்கப்போவது இவள் மட்டும்தான் என்றேன், குரலை உயர்த்தினேன். மேனேஜர் வந்தார். சார் மட்டும் செக்-இன் பண்ணிட்டு உடனே போயிடுவீங்களா என்று என்னைக் கேட்டுவிட்டு, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு டீச்சரை அப்படிப் பார்த்தால் எனக்குக் கோபம் வராதா? நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"வீட்டுல என் மாமனார் படுக்கையில இருக்காவ தம்பி. ராத்திரி நாலு தடவ எந்திரிக்கணும். ஒன்றர வருசமா நான் ஒரு ராத்திரியும் முழுசாத் தூங்கல. தூங்கத்தான் வந்திருக்கேன்."

சத்தம் போடாமல், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி சொன்னாள். மேனேஜர் ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போட்டேன். யாரோ ஓர் அந்நியரிடம் அவள் ஒரு தடவை சொன்னது போதுமானதாக இருந்தது. என்னிடம் அவள் அதையேதான் பல மாதங்களுக்கு முன்னால் கேட்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து, படுக்க வைத்து, அவர் அறை வாசலில் பாயை விரித்தேன். கூப்பிடுங்க, வாரேன் என்றேன். தலையை ஆட்டினார். இன்றைக்குக் கண்ணை மூடக்கூடாது என்று வைராக்கியமாகத்தான் படுத்தேன்.

விழித்தபோது வெயில் வாசல்வரை வந்திருந்தது. மணி ஏழு தாண்டிவிட்டது. அப்பா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தேன், கண்ணை மூடிப் படுத்திருந்தார். அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். பார்த்தாயா, இவள்தான் அவர் முனகினால்கூட ஓடி ஓடிப்போய்ப் பழக்கிவிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். டீ போட்டுக் குடித்தேன். ஹோட்டலில் காலைச் சாப்பாடும் இலவசம், பத்தரைவரைதான். தூங்கித் தவறவிட்டுவிடப் போகிறாளே என்று எட்டு மணிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

நல்லாத் தூங்கினியா என்று கேட்டேன்.

"இல்லங்க. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துட்டு. பொறவு நாலு மணிக்கு. மாமா கூப்பிடுத மாதிரியே இருந்துச்சு. பொறவு தூக்கம் வரல, உக்காந்துதான் இருக்கேன். அங்கன மாமா எத்தன தடவ கூப்பிட்டாவ?"

"ஒரு தடவகூடக் கூப்பிடல," என்றேன். குரலில் பெருமை இருந்திருக்கும்.

 "போயிப் பாருங்க," என்றாள்.

போனைக் கையில் வைத்தபடியே உள்ளே போனேன். அப்பா கண் விழித்திருந்தார். அநேகமாக ராத்திரி முழுக்க விழித்துத்தான் இருந்திருக்கிறார். போர்வையைத் தூக்கினேன். இடுப்பிலிருந்து கீழே எல்லாம் நனைந்து கிடந்தது. ஒரு தடவை நனைந்தது அல்ல. மெத்தை வரைக்கும் ஊறியிருந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ ஏசுவ."

 வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டேன். வேட்டி மாற்றினேன். ஒரு பக்கமாகப் புரட்டி விரிப்பை உருவ எனக்குத் தெரியவில்லை, அவர்தான் இடது கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அழுகை வந்துவிட்டது. மாடியிலேயே நின்று அழுதேன்.

ஒன்பது மணிக்கெல்லாம் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சாப்பிடவில்லை. நேராக அப்பாவிடம் போனாள். அப்பா அவளிடம், நல்லாப் பாத்துக்கிட்டான் என்றார். அவள் கொடியில் கிடந்த விரிப்பையும் வேட்டியையும் பார்த்தாள், கேட்கவில்லை. அவர் எனக்காகப் பொய் சொன்னது என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படியில் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். ராத்திரி அவரும் தூங்கவில்லை, நீயும் தூங்கவில்லை, அடித்துப்போட்ட மாதிரி தூங்கியவன் நான் ஒருத்தன்தான் என்றேன்.

"மூணு பேர்ல ஒருத்தராவது தூங்குனோமே," என்றாள் அவள். "வீணாப் போகல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே என் கட்டிலை அப்பா அறைக்குள் இழுத்துப் போட்டேன். ஒரு ராத்திரியில் எதுவும் சரியாகிவிடவில்லை. அப்பா முதலில் கூப்பிடவே பயந்தார். நான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து, வேணுமா என்று கேட்டேன். ரெண்டு வாரம் கழித்து அவராகவே கட்டிலைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு சத்தம் கேட்டால் போதும், அவளும் எழுந்து அறை வாசலில் வந்து நிற்பாள். போய்ப் படு என்பேன். போவாள், ஆனால் தூங்கமாட்டாள். எனக்கும் சில நாள் எரிச்சல் வரும், பல்லைக் கடித்துக்கொள்வேன். சில நாள் கடிக்க முடியாமல் ஏதாவது சொல்லியும் விடுவேன், பிறகு மன்னிப்புக் கேட்பேன். இப்படியே ரெண்டு மாதத்துக்கு மேல் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். சர்ச்சில் முதல் மணி அடித்து ஓய்ந்தது. மணி ஏழரை. அடுப்படியில் சத்தம் இல்லை, குளியலறையில் தண்ணீர் விழவில்லை. நான் எழுந்து போய் எங்கள் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். காலி டம்ளரை நான் ஸ்டூலில் வைக்கப் போனபோது அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா வையிலே," என்றார்.