பூம்பாறை பஸ்ஸும் ஒரு பைலாவும்

கொடைக்கானலில் பூம்பாறை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட பேண்டு ஒத்திகை பார்க்கிறது. வாத்தியாரின் புல்லாங்குழல் முன்னே ஓட, கிளாரினெட்டுகளும் டிரம்பெட்டுகளும் துரத்துகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் போன இடத்தில் உண்டாக்கிய தாளம் இது என்று வாத்தியார் மாணவர்களுக்குச் சொல்கிறார். டிரம் அடிக்கும் மாணவி மூன்றாம் முறையும் தடுமாறுகிறாள்.

என் பக்கத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் அம்மாள் மட்டும் பிசகாமல் கைதட்டுகிறாள்.

"முன்னாடியே கேட்டிருக்கீங்களா?" என்கிறேன்.

"பைலா மாதிரில்ல இருக்கு. சிலோன்ல எங்க தேயிலைத் தோட்டத்துக் கல்யாணத்துல இதுக்குத்தான் ஆடுவோம். இங்க வந்தப்புறம் இன்னைக்குத்தான் கேக்குறேன்."

மாணவி வேலி வழியாக அம்மாளின் கைகளைப் பார்த்தே அடிக்கிறாள். தாளம் பிடிபட்டுவிடுகிறது.

பஸ் வருகிறது. அம்மாள் எழுந்து ஆடத் தொடங்குகிறாள். கண்டக்டர் அவசரமாக விசில் ஊதுகிறார். அவருடைய இரண்டாவது விசில் தாளத்தில் விழுகிறது.