இலை செய்த குற்றத்துக்குக் காய்க்குத் தண்டனை

சட்டை தைக்கும் கூடத்தில் அவளுக்குப் பட்டன் அக்கா என்றுதான் பெயர். நாள் முழுக்கப் பட்டன் தைப்பவள். கூடத்தின் பின்சுவர் ஓரம், குழாயடி ஈரத்தில், அவள் வளர்த்த புதர் ஆளுயரம் நின்றது. கத்தரிக்கும் தக்காளிக்கும் பங்காளியான ஏதோ வெளிநாட்டுச் செடி. பச்சைக் காய் நஞ்சு; ஆரஞ்சு நிறமேறி, தோல் தானாக வெடித்த பிறகுதான் உண்ணலாம். இலையும் வேரும் எப்போதும் ஆகாது.

போன வருடம் பூவோடு நின்றுவிட்டது. இந்த வருடம்தான் கொத்துக் கொத்தாகக் காய். முதல் பழத்தை எல்லோரும் பங்கு போட்டுத் தின்ன வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "காயைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்று ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சொல்லி வைத்தாள்.

காயை யாரும் தொடவில்லை. பக்கத்து மெஷினில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் அவளுடைய நாத்தனார், இலையைப் பறித்துக் காய்ச்சிக் குடித்தாள். வாந்தி. மருத்துவமனையில் படுக்கை.

"ஏண்டி, உனக்கு என்ன கேடு?"

"சர்க்கரைக்கு நல்லதுன்னு போன்ல வந்துச்சு அண்ணி."

"இந்தச் செடின்னா போட்டிருந்துச்சு?"

"ஏதோ கசப்பு இலைன்னு. இதுவும் கசந்துச்சு. கசந்தா மருந்துதானே?"

"அப்போ என் வாயும் மருந்துதான். என்னைக்காவது கேட்டிருக்கியா?"

"நீங்க காயைத்தானே தொடாதேன்னீங்க. இலையைச் சொல்லலையே."

இலையைக் குடிக்க ஒருத்தி வருவாள் என்று பட்டன் அக்கா கனவிலும் நினைக்கவில்லை.

கசந்ததெல்லாம் மருந்து என்ற மூடநம்பிக்கைக்குப் பூசாரிகூடத் தேவையில்லை, ஒரு போன் போதும். அதை அனுப்பியவனை யாரும் கேட்கவில்லை. மருத்துவரிடம் போனால் அரை நாள் கூலியைப் பிடிக்கிற முதலாளியையும் கேட்கவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் தீர்ப்பு மட்டும் சொன்னார்.

"செடி இருக்கட்டும்மா, அழகா இருக்கு. பச்சைக் காய்தான் விஷமாம். அது ஒண்ணுகூட இருக்கக் கூடாது. பழம் இருந்தா பரவாயில்ல."

"சார், அவ குடிச்சது இலை."

"அதுக்காக இலையில்லாத செடியா வளர்க்க முடியும்?"

"காயா இல்லாம எப்படி சார் பழுக்கும்?"

"எதிர்த்துப் பேசாத. சாயங்காலத்துக்குள்ள பறிக்கலைன்னா செடியையே வெட்டிடுவேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு பறித்தாள். அடியில் ஒரு கொத்து மட்டும் மஞ்சள் தட்டியிருந்தது. அதை மட்டும் விடலாமா என்று சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். "பாதி பச்சைதானே," என்றார் அவர். அதுவும் போயிற்று. எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தாள். இலைகள் மட்டும் செழிப்பாகச் செடியிலேயே இருந்தன.

போகட்டும், அடுத்த வருடம் காய்க்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சில நாள் கழித்து, இலை, தண்டு, வேர், எதையும் வாயில் வைக்காதே என்று மறுபடியும் ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சொன்னாள். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த நாத்தனாரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணி."

காஜா மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

"அண்ணி, அந்த வேரைக் காயவெச்சா விஷம் போயிடுமாமே? மூட்டு வலிக்கு நல்லதாம்."

பட்டன் அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து போய், காவலாளியிடம் கடப்பாரை கேட்டாள்.