அரக்கு அடைத்த கோடாலி

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இதில் வருகிற ஆள் என் மனைவியின் கூடப்பிறந்த மூத்த சகோதரர், என் மச்சான். எழுதினால் வீட்டில் மனம் நோகும். எழுதாவிட்டால் அல்லாஹ்விடம் போய் நிற்கும்போது என்ன சொல்வது என்று பயம். நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

வெளிநாட்டுச் சாமான் கப்பலில் வருவது குறைந்துபோன காலம் அது. மாத்தளைக் கடைத்தெருவில் புதுக் கோடாலி கிடைக்காது. நானும் மச்சானும் கலேவெல சந்தையிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கிற கோடாலி, கைக்கோடாலிகளை வாங்கிவந்து சரிபண்ணி விற்றோம். சுத்தம் செய்வது என் வேலை. அவை வருகிற கோலத்தைச் சொன்னால் சோறு இறங்காது. கோழி எச்சம், மீன் செதில், எந்த மிருகத்தினுடையதோ தெரியாத மயிர், எல்லாம் துருவோடு சேர்ந்து ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் தூளும் தேங்காய்த் தும்பும் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். ஆனாலும் அது கழுவினால் போகிற அழுக்கு.

பிடி நுழைகிற துவாரத்தைக் கண் என்போம். கண்ணில் வெடிப்பு இருந்தால் அந்தக் கோடாலி உதவாது. ஓங்குகிற வேகத்தில் பிளந்து தலை பறந்துவிடும். அப்படிப்பட்டதைத் திரும்பவும் இரும்புக்கே நிறுத்துப்போட ஒரு சாக்கில் எறிந்துவிடுவேன். மற்றதற்குக் கொய்யாக் கொம்பில் பிடி போட்டு, எண்ணெய் பூசி விற்பது மச்சானின் வேலை.

அந்தச் சாக்கு நிறையவே இல்லை. மச்சான் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். கத்திக்குப் பிடி இறுக்க வாங்கிவைத்த அரக்கும் குறைந்துகொண்டே வந்தது. கத்தியோ ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள், விற்காமல் திரும்பிவந்த கோடாலி ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. பிடியைக் கழற்றி, தலையைக் கொதிக்கிற சாம்பல் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்தது. பழுத்த கட்டியிலிருந்து சீழ் வருகிற மாதிரி. குச்சியால் தொட்டேன், நூலாக இழுபட்டது. அரக்கு! அரத்தால் ராவிய இரும்புத் தூளைச் சேர்த்துக் குழைத்திருந்தது. வழிந்து முடிந்த இடத்தில் நகம் நுழைகிற வெடிப்பு. நான் சாக்கில் எறிந்த கோடாலி அது. வெளியே போய்த் துப்பினேன்.

மச்சான் பள்ளியில் லுஹர், மதியத் தொழுகை, தொழுதுவிட்டுத் தொப்பியோடு வந்தார். நீட்டினேன்.

"இது என்ன மச்சான்?"

"ஏன், பூசினது ஒழுங்கா இல்லையா?" என்று சிரித்தார்.

"தல கழண்டு ஆள்ட மேல பட்டா மௌத்தாப் போவானே!"

"அது அவன்ட நஸீபு, தலவிதி. நாம என்ன செய்ய? நீங்க கழுவுற வேலயப் பாருங்க. யாவாரம் ஒங்களுக்கு வெளங்காது."

ஐந்து வேளையும் பள்ளியில் முன் வரிசையில் நிற்கிற மனிதர். தான் செய்த களவைப் படைத்தவன் தலையில் கட்டிவிட்டு, உட்கார்ந்து பல்லைக் குத்தினார். அழுகிய மீனைக் கையில் எடுத்திருந்தாலும் எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

இப்படி அரக்கு அடைத்துக் கடைசியாக விற்றது யாருக்கு என்று கேட்டேன். நாலந்தாப் பக்கத்துத் தோட்டத்தில் விறகு பிளக்கிறவருக்கு என்றார். சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் அந்த மனிதர் விறகு பிளந்துகொண்டிருந்தார். கையில் எங்கள் கோடாலிதான். அவருடைய மனைவி நேர் எதிரே குந்தியிருந்து சிராய் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

விஷயத்தைச் சொல்லாமல், கோடாலியைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அவர் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"என்னங்க மொதலாளி, கூட வெலைக்கு வேற ஆளு வந்துட்டாங்களா?"

"இல்ல, அதுல பழுது ஈக்கிது."

"பழுதா? இந்த மாதிரி கோடாலி எங்க கங்காணி வீட்டுலகூட இல்லீங்க. தரமாட்டேன்."

மனைவி எழுந்து வந்தார். "விக்கிறப்ப தெரியாத பழுது இப்பத்தான் கனவுல வந்து சொல்லிச்சாக்கும்?"

வேறு வழியில்லை. "என்ட மச்சான் வெடிப்புல அரக்கு அடச்சு வித்தீக்கிறார்" என்றேன். என் வீட்டு நாற்றத்தை அவர்கள் வாசலில் கொட்டின மாதிரி இருந்தது. அப்போதும் நம்பவில்லை. "கல்லுல வச்சு ஒரு அடி அடிக்கிறேன். ஒடையாட்டி நீங்களே வச்சிக்கோங்க" என்றேன். யோசித்துக் கொடுத்தார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி, கண்ணின் மேல் அடித்தேன். அரக்கு சில்லுச் சில்லாகத் தெறித்தது. கண் பிளந்து, தலை கழன்று விழுந்தது. அந்த அம்மா, தான் குந்தியிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் காலடியில் துப்பினார்.

"சாமி கும்புடுற ஆளுங்கதானா நீங்க? இந்த மாதிரி இன்னும் எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

எனக்குத் தெரியாது. அந்த ஒருவரைத் தவிர மற்றவர்கள் யாரென்று மச்சானும் கடைசிவரை சொல்லவே இல்லை. கலேவெல சந்தையில் நின்று, எங்களிடம் வாங்கிய கோடாலியைத் திருப்பித் தரச் சொல்லிக் கூவிப் பார்த்தேன். சிலர் கொண்டுவந்து தந்தார்கள். பலர் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மற்றவை யார் வீட்டு விறகுக் கொட்டிலில் கிடக்கின்றனவோ.

உங்கள் வீட்டில் பழையதைப் புதுப்பித்த கோடாலி இருந்தால், பிடியைக் கழற்றி, தலையைக் கொதிதண்ணீரில் போட்டுப் பாருங்கள். கறுப்பாக வழிந்தால் அதை ஓங்காதீர்கள். தெரிந்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஆனால் எனக்காகப் பரிதாபப்பட்டு, "யாரோ ஒரு வியாபாரி" என்று மாற்றிவிடாதீர்கள். மாத்தளையில் தொழுகையாளிகள் இருவர், ஒருவர் தங்கையை மற்றவர் கட்டிய மச்சான்மார், சேர்ந்து விற்ற கோடாலி என்றே சொல்லுங்கள்.