மதியக் கொடையில் இத்தாலியக் குலவை

சேரன்மகாதேவி ரயில் நிலையத்தில்தான் அந்த யோசனை பளிச்சிட்டது. என் காதில் ஒரு பழைய இத்தாலியத் திகில் படத்தின் இசை. சொல்லே இல்லாமல் பெண்கள் கூட்டமாகக் குரலை இழுப்பார்களே, கத்தி வெளியே வருவதற்குச் சற்று முன்னால், அது. எதிரே ஒரு கல்யாணக் கூட்டம் பெண்ணை இறக்கிக் குலவை போட்டது. இரண்டும் கலந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்!

அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சித்தப்பாவின் புது ரேடியோ செட். பொறியியல் படித்தவன் ஒலிபெருக்கிக் குழாய் கட்டித் திரிகிறானே என்று பெரியப்பா அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். பெரியப்பாதான் அம்மனுக்குச் சாமியாடி. செட்டுக்கு அதுதான் முதல் கொடை. சொதப்பினால் மறு வருஷம் திசையன்விளைக்காரர் செட் வந்துவிடும்.

மதியக் கொடையில் மேளக்காரர்கள் மோர் குடிக்க ஒதுங்கினார்கள். அந்த இடைவெளியில் அம்மன் பாட்டுப் போட நினைத்த சித்தப்பா, சட்டைப்பையிலிருந்து எடுத்ததோ அவருடைய திகில் பட பென்டிரைவ். குழாய்களில் இத்தாலியப் பெண்கள் கிளம்பினார்கள். குரல்மேல் குரல், நடுவில் ஒரு மணி. மோர் குடித்த மேளக்காரர்கள் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏலே, கோயில்ல எழவுப் பாட்டா போடுத?" என்று தர்மகர்த்தா பாய்ந்தார். சித்தப்பா செட்டு முழுக்கத் தடவியும் நிறுத்தும் பொத்தான் அகப்படவில்லை.

சட்டென்று பெரியப்பாவின் உடம்பு குலுங்கியது. வேப்பங்குலையைப் பிடுங்கிக்கொண்டு குதித்தார். "ஆத்தா வந்துட்டாடி!" என்று அத்தை குலவை எடுக்க, பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நிறுத்திராதலே!" என்று சித்தப்பாவிடம் கெஞ்சினார்.

பெரியப்பா ஆடிக்கொண்டே வந்து சித்தப்பா நெற்றியில் திருநீற்றை அப்பினார். "வருசா வருசம் இவன் செட்டுதான்டா எனக்குக் கேக்கணும்!"

ஆத்தாளே சொன்னபிறகு திசையன்விளைக்கு என்ன வேலை?

சாயங்காலம் பந்தியில் பெரியப்பா, சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. "பாட்டெல்லாம் சரிதாம்லே. நடுவுல ஒரு மணி அடிக்குதே, அத எடுத்துரு. ஆடுத காலு இடறுது."

சித்தப்பா இலையைப் பார்த்துச் சிரித்தார். அவர் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. சாமி வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது என்று அத்தை சொல்லியிருந்தாள். எங்கள் பெரியப்பாவுக்கு மட்டும் எவ்வளவு ஞாபகசக்தி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன்.

வருகிற கொடைக்கு மைக்கோடு போகிறேன். அத்தைமாரின் குலவையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நண்பனின் குறும்படத்தில் கொலைக் காட்சிக்கு வைக்க வேண்டும். முதலில் பெரியப்பாவுக்குத்தான் போட்டுக் காட்டுவேன். மணியை மட்டும் சேர்க்க மாட்டேன்.