தலைப்பிரசவம் பொள்ளாச்சியில்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் எந்த மசோதா எந்தக் கமிட்டியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது என்று ஃப்ரீமான்டில் யாருக்காவது தெரிய வேண்டுமானால் கோபாலசாமியைக் கேட்டால் போதும். இத்தனைக்கும் மனிதருக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஐம்பத்தொரு வயது, மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் மேனேஜர், பதின்மூன்று வருஷமாக வேலை விசா. சொந்த ஊர் உடுமலைப்பேட்டையில் இப்போது யார் எம்.எல்.ஏ. என்று கேட்டால் விழிப்பார். ஆனால் அயோவா செனட்டர் குடியேற்றச் சட்டத்தைப் பற்றிப் போன வாரம் என்ன சொன்னார் என்பது தலைகீழ்ப் பாடம்.

இது ஒன்றும் பொழுதுபோக்கு இல்லை. மகள் தென்றலுக்கு வருகிற மார்ச் பதினொன்றாம் தேதி இருபத்தொரு வயது முடிகிறது. அதுவரைக்கும்தான் அவள் அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். அதற்குள் குடும்பத்துக்கு கிரீன் கார்டு வரவேண்டும், இல்லையென்றால் அவள் தனியாக ஒரு மாணவர் விசா வாங்கவேண்டும், படிப்பு முடிந்ததும் வேலை விசாக் குலுக்கலில் பெயர் விழவேண்டும். விழாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏழு வயதில் வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, இப்போது நர்சிங் படிக்கிற பெண். கோபாலசாமி கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்ற வருஷம் 2014. இந்தியர்களின் வரிசை இன்னும் 2013-ஐத் தாண்டவில்லை. மாதாமாதம் அரசாங்கம் ஒரு தேதிப் பட்டியல் போடும். ஒரு மாதம் இரண்டு வாரம் நகரும், அடுத்த மூன்று மாதம் அசையாது. அந்தப் பட்டியல் வருகிற நாளில் மனிதருக்குச் சோறு இறங்காது.

அவர் நம்பியிருந்தது ஒரே ஒரு மசோதாவை. இந்த மாதிரிப் பிள்ளைகளை இருபத்தொன்றில் வெளியே தள்ளக்கூடாது என்கிற மசோதா அது. வருஷா வருஷம் கொண்டுவருவார்கள், வருஷா வருஷம் தூங்கப் போய்விடும். இந்தத் தடவை இரண்டு கட்சியிலும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான அம்மாள் மட்டும் மசோதாவை ஆதரித்து இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை தவறாமல், ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, கோபாலசாமி அந்த அம்மாளின் ஆபீசுக்குப் போன் போடுவார். மறுமுனையில் யாராவது ஒரு காலேஜ் பிள்ளை எடுத்து, குறித்துக்கொண்டேன் என்று பணிவாகச் சொல்லும். என்னத்தைக் குறித்ததோ, யாருக்குத் தெரியும்.

இதற்கு எதிர்க்கட்சி வாஷிங்டனில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். குபெர்டினோ மகாதேவன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலேயே இருந்தது. மகாதேவன் சென்னைக்காரர், இருபது வருஷமாக சிட்டிசன், கை நிறையப் பரிமாறுகிறவர், வாய் நிறைய வாதாடுகிறவர். சட்டத்தைத் திருத்தினால் பொருளாதாரம் தாங்காது என்பது அவர் கட்சி. முதலில் கோபாலசாமி பொரிந்து தள்ளுவார். ஒரு நாள் மகாதேவன் குரலைத் தாழ்த்திச் சொன்ன பிறகு அது நின்றுபோயிற்று.

"சாமி, என் அனிருத் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சு எட்டு மாசமா வீட்டுல உட்கார்ந்திருக்கான். இங்கேயே பொறந்தவன். முந்நூறு இடத்துக்கு அப்ளை பண்ணிட்டான். உங்க பொண்ணுக்குக் கதவைத் திறங்கன்னு நான் எந்த வாயால சொல்லட்டும்?"

அனிருத் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஹாய் அங்கிள் என்று தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டான். எதிராளி கெட்டவனாக இருந்தால் தூக்கமாவது வரும். இது நியாயமும் நியாயமும் மோதுகிற வழக்கு என்று தெரிந்த அன்றிலிருந்து கோபாலசாமி நடுராத்திரியில் எழுந்து போனில் தேதிப் பட்டியலைப் புரட்ட ஆரம்பித்தார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும். சின்னவன் ஆதர்ஷுக்குப் பன்னிரண்டு வயது, ஃப்ரீமான்டில் பிறந்தவன், இந்த மண்ணில் பிறந்தாலே பிரஜை என்பதால் அமெரிக்க பாஸ்போர்ட். தென்றல் பிறந்த 2005-இலும் கோபாலசாமி இரண்டு வருஷ டெபுடேஷனில் மில்பிடாஸில்தானே இருந்தார், மனைவி புஷ்பவல்லியும் கூட இருந்தாளே, பிறகு தென்றல் மட்டும் எப்படி இந்தியாவில் பிறந்தாள்? கோபாலசாமியிடம் பதில் தயாராக இருக்கும்.

"எங்க பக்கமெல்லாம் தலைப்பிரசவம் பொண்ணோட அம்மா வீட்டுலதாங்க. வழக்கம். ஏழாம் மாசம் பொள்ளாச்சிக்கு அனுப்பிட்டோம்."

ஆமாமா, அந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் யோசித்தோம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு வழக்கத்துக்காக ஒரு நாட்டையே கோட்டைவிட்டதை ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டது போலப் பேசுவார்கள். புஷ்பவல்லி அந்த நேரத்தில் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தென்றல் பதினாறு வயதில் இந்த விசா விவகாரம் முழுதாகப் புரிந்த அன்று கத்தியதும் அம்மாவைப் பார்த்துத்தான். உனக்கு உங்க அம்மா வேணும்னு என் லைஃபை ஸ்பாயில் பண்ணிட்டே என்று கதவை அறைந்து சாத்தினாள். அதன்பிறகு மகள் தாயோடு தேவைக்குத்தான் பேசுவாள்.

நடந்தது என்ன என்று கோபாலசாமிக்குத் தெரியும். புஷ்பவல்லிக்கு இங்கேயே பெற்றுக்கொள்ள ஆசை. டாக்டரைப் பிடித்துப்போயிருந்தது. பொள்ளாச்சியில் அவள் அம்மா பாஸ்போர்ட் எடுத்து, விசாவும் வாங்கி, நான் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன் மாப்பிள்ளை என்று போனில் சொன்னார். வழக்கத்தை மீறத் தயாராக இருந்தது பெண் வீட்டார்தான். பின்வாங்கியது கோபாலசாமிதான். ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் ஆகிற மாதம், லீவு கிடையாது. தெரியாத ஊர், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, அழுகிற குழந்தையை எப்படித் தூக்குவது என்கிற பயம். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வழக்கம் என்றார். ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். டிக்கெட்டை அவரே எடுத்தார். புஷ்பவல்லி விமானம் ஏறும் வரை அழுதாள்.

இருபது வருஷமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. அந்தப் பெருந்தன்மையில் மனிதர் சௌகரியமாகக் குடியிருந்தார்.

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை, தொகுதி உறுப்பினர் அம்மாள் ஃப்ரீமான்டில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் பொதுமக்களைச் சந்திக்கிறார் என்று அறிவிப்பு வந்தது. வரி, மருத்துவம், குடியேற்றம், எதைப் பற்றியும் பேசலாம். பேச விரும்புகிறவர்கள் சீட்டு எடுக்க வேண்டும், எண் வந்தால் ஒரு நிமிஷம். கோபாலசாமி மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு நிமிஷத்துக்கு எழுதினார். ஸ்டாப்வாட்ச் வைத்துப் படித்துப் படித்து ஐம்பத்தாறு நொடிக்குக் கொண்டுவந்தார். கடைசி வரிதான் முக்கியம்: மசோதாவின் எண்ணைச் சொல்லி, தயவுசெய்து இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பது. அந்த ஒரு கையெழுத்து விழுந்தால் கமிட்டியில் எடுத்துக்கொள்வார்கள் என்று அவரைப் போன்ற பெற்றோர்கள் போனில் வைத்திருந்த குரூப்பில் எல்லோரும் நம்பினார்கள்.

குடும்பத்தோடு போனார்கள். ஆதர்ஷ் கூடைப்பந்துக் கோட்டின்மேல் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். நாற்காலி வரிசையில் இந்தக் கோடியில் கோபாலசாமி, அந்தக் கோடியில் தென்றல், நடுவில் புஷ்பவல்லி. ஒரு பெண்மணி அம்மாவின் மருத்துவ உதவியை வெட்டியதைச் சொல்லி அழுதார். ஒருவர் சொத்துவரியைச் சீர்திருத்து என்றார், அடுத்தவர் அதில் கை வைத்தால் பார் என்றார். பதினாறாம் எண்காரர் நரைத்த தாடி வெள்ளைக்காரர். இருபத்தாறு வருஷம் சிப் கம்பெனியில் இருந்தாராம், ஜூனில் அனுப்பிவிட்டார்களாம். விசாக் கதவை அகலமாகத் திறக்கிற எந்தச் சட்டத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், எங்கள் பிழைப்பையும் கொஞ்சம் பாருங்கள் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. குரல் உடைந்துபோய் அந்த மனிதர் மைக்கை விட்டு நகர்ந்தபோது கோபாலசாமியும் தட்டினார்.

அடுத்த எண் பதினேழு. கோபாலசாமியின் சீட்டு அதுதான்.

மைக்கைப் பிடித்தார். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். எனக்கு இரண்டு குழந்தைகள், மகன் இந்த நாட்டுப் பிரஜை, மகள் இல்லை என்று படித்தார். மார்ச் பதினொன்று என்று தேதியையும் சொன்னார். அந்த அம்மாள் உண்மையான அக்கறையோடு முன்னால் சாய்ந்து குறுக்கே கேட்டார்: ஒரே வீட்டில் ஒருவன் பிரஜை, ஒருத்தி இல்லையா, அது எப்படி?

பதில் வாய் நுனியில் இருந்தது. நூறு வீட்டில் சொன்ன பதில். எங்கள் வழக்கம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தும்விட்டார். அப்போது நிமிர்ந்து பார்த்தார். தென்றல் அவரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உன்னால்தானே என்கிற அதே பார்வை. புஷ்பவல்லி மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

கோபாலசாமி தாளைத் தாழ்த்தினார். வழக்கமெல்லாம் இல்லை மேடம், நான்தான் அனுப்பினேன் என்றார். என் மனைவி இங்கே இருக்கத்தான் கெஞ்சினாள், அவள் அம்மா வருவதற்கு விசாவே வாங்கிவிட்டார், எனக்குப் பயமாக இருந்தது, அதை வழக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் மகள் இத்தனை வருஷமாக அவள் அம்மாவைக் குற்றம் சொல்கிறாள் என்றார். ஆங்கிலம் தடுமாறியது, மூக்கு ஒழுகியது, மனிதர் நிறுத்தவில்லை. உதவியாளர் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். மைக் அணைந்தது.

ஜிம்மே கைதட்டியது. நரைத்த தாடிக்காரரும் தட்டினார். மனம் திறந்து பகிர்ந்ததற்கு நன்றி என்றார் அந்த அம்மாள், கண்கூடக் கலங்கியிருந்தது. அப்பாடா, ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று கோபாலசாமி தன் இடத்துக்கு நடந்தார். தென்றல் அம்மாவின் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இனிமேலாவது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

புஷ்பவல்லி அழவில்லை. அவர் கையிலிருந்த தாளை வாங்கி விரித்துப் பார்த்தாள். விரல் கடைசி வரியில் போய் நின்றது.

"ஏனுங்க, பில் நம்பரைச் சொன்னீங்களா?"

அவர் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டீங்களா?"

"புஷ்பா, நான் வந்து..."

"இந்த விஷயத்தை என்னைக்கு வேணா நம்ம வீட்டு டைனிங் டேபிள்ல சொல்லியிருக்கலாங்க. இருபது வருஷம் இருந்துச்சு. இந்த ஒரு நிமிஷம் அவளோடதுங்க." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "அன்னிக்கும் உங்க பயத்துக்காக அனுப்புனீங்க. இன்னிக்கும் உங்க மனசு ஆறணும்னுதானே பேசுனீங்க?"

பதினெட்டாம் எண் கூப்பிட்டார்கள். யாரோ ஒருவர் தண்ணீர்க் கட்டணம் ஏறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேடையில் அந்த அம்மாள் அதே அக்கறையோடு முன்னால் சாய்ந்து, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.