சால்னா ஊற்றிய கை

வாடிப்பட்டி புரோட்டா கடை வேலையை விட்டுவிட்டு சமயநல்லூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கடை வாசலில் கிடந்த செவலை நாய் பின்னாலேயே வந்தது. சில நாட்களாக அது காய்ந்த புரோட்டாவைத் தொடவில்லை. ருசி கண்டுவிட்டது என்று நினைத்து, நானே சால்னா ஊற்றி ஊறவைத்துக் கொடுத்துவந்தேன். ஒரு வாய் நக்கியதும் வீலென்று கத்திவிட்டு விலகும். "திமிரப் பாரு" என்று சிரிப்பேன்.

வழியில் பொட்டலத்தைப் பிரித்து அதே சால்னா புரோட்டாவை வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறெல்லாம் வீங்கி, நாக்கோரம் புண்ணாக இருந்தது.

"ஏண்ணே, இம்புட்டுப் புண்ணுல காரத்தையா ஊத்துவீக? உங்க வாயில ஊத்திப் பாருங்க."

அத்தனை நாளும் அது எரிச்சல் தாங்காமல் கத்தியிருக்கிறது. அப்படியும் என் பின்னால் வந்திருக்கிறது.

அதைத் தூக்கிக்கொண்டு போன கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். புண் ஆறும்வரை தினமும் கூட்டிவரச் சொன்னார்கள். நான் எந்த ஊரிலும் நிலைத்துத் தங்கியவன் இல்லை. மறுநாள் காலை மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன்.

"சம்பளம் எம்புட்டுன்னு கேக்கலியே மாப்ள?" என்றார் கடைக்காரர்.

"ஆறின பால் கொஞ்சம் கிடைக்குமாண்ணே?" என்றேன்.